நடந்ததைச் சொல்லாமலே சுகப்பட ஏலுமா? இயக்கத்தில் இருந்தவர்களின் வீட்டுக்காரருக்கு

கேள்வி, 6 ஜனவரி 2024

என் அண்ணன் பதின்மூன்று வருடம் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். சொந்த ஊர் வன்னி, இப்போது வாழைச்சேனைப் பக்கம் குடும்பமாக இருக்கிறார். இரவில் நித்திரை இல்லை, பகலில் பேச்சில்லை, திடீரென்று கோபம். அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகப் போவதாகச் சொல்கிறா. உள்ளே கிடப்பதைக் கொட்டித் தீர்க்காமல் இது மாறாது என்பது என் எண்ணம். நல்ல ஒருவரிடம் இருத்தி, நடந்த எல்லாவற்றையும் சொல்ல வைக்க வேண்டும். அண்ணியை இதற்குள் இழுக்கக் கூடாது, அவவுக்கு ஏற்கெனவே போதும் போதும் என்றாகிவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு

இரண்டும் பிழை. சொல்ல வைக்கவும் வேண்டாம், அண்ணியை வெளியில் நிறுத்தவும் வேண்டாம். விவரம் நாளைக்கு. வட்டைக்குள் (வயலுக்குள்) யானை, ஊரே வெடி கொளுத்துகிறது, இவர் முற்றத்தில் நிற்கிறார்.

7 ஜனவரி

"இவர்" என் வீட்டுக்காரர். 1993இல் பதினாறு வயதில் போனவர். 2004 சித்திரையில் வெருகலில் இயக்கம் இரண்டாகி அடிபட்ட பிறகு, வீட்டுக்குப் போங்கள் என்று விடப்பட்டவர்களில் ஒருவர். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம். மண்டூர்ப் பக்கம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை. நான் சின்ன வகுப்புப் படிப்பிக்கிறவள், உளவியல் படித்தவள் இல்லை. இதை எழுதுவது இவருக்குத் தெரியும். "பேர் போடாத" என்றார், அவ்வளவுதான்.

"சொல்ல வைக்க வேண்டாம்" என்று ஏன் அடித்துச் சொன்னேன் என்றால், ஒரு தடவை சொல்ல வைத்தார்கள். 2010இல் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு வட்டமாக இருத்தி, மனதில் கிடக்கும் ஆகக் கொடிய சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்களாம். இவர் நாற்பது நிமிடம் சொன்னார். எல்லோரும் அழுதார்களாம். பிறகு பிஸ்கட்டும் பிளேன்டீயும் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். அன்று தொடங்கி ஒன்பது இரவு இவர் கிணற்றடியில் குந்திக்கொண்டு இருந்தார். அவர் கொட்டியதை யார் அள்ளுவது? நான்தான். என்ன சொன்னார் என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஏழு வருடம் கழித்து, 2017இல், வாவிக்கு மற்றப் பக்கம் எழுவான்கரையில் ஒரு கிளினிக்கில் உளவளத்துணை செய்யும் ஒரு மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். மண்டூர்த் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி குருமண்வெளியில் இறங்கி அங்கிருந்து ஆட்டோ. இவர் வழி முழுக்க எதைச் சொல்வது, எதை விடுவது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்த மிஸ், "அதெல்லாம் இப்ப வேணாம். போன கிழமை வீட்டில என்ன நடந்த?" என்று கேட்டாவாம். இவர் திகைத்துப்போய் "ஒண்டும் நடக்கல்ல" என்றாராம். திரும்பி வரும்போது பாதையில் என்னிடம், "இந்த மிஸ்ஸுக்கு ஒண்டும் தெரியாது போல" என்றார். அடுத்த கிழமை தானாகவே வெளிக்கிட்டார்.

7 ஜனவரி, பிறகு

ஒன்று கேட்க மறந்தேன். அண்ணி தாய் வீட்டுக்குப் போகப் போகிறா என்கிறீர்களே, அப்போ அவ மட்டக்களப்புப் பிள்ளை இல்லையா? இங்கே நாங்கள் இருப்பதே தாய் வீடுதான். வீடு பெண்ணுக்குச் சீதனம், ஆம்பிளை பெட்டியோடு வந்து குடியேறுகிறவர். என் வீட்டில் நான் கோபித்துக்கொண்டு போக இடமில்லை. போவதென்றால் இவர்தான் போக வேண்டும். (போயிருக்கிறார், மூன்று தடவை.) பகிடியாகச் சொல்லவில்லை, இது பிறகு முக்கியமாக வரும்.

9 ஜனவரி

அந்த மிஸ் செய்த முறைக்குப் பெயர் இருக்கிறது என்று பிறகுதான் போனில் தேடி வாசித்தேன். தமிழில் ஆளிடை உளச்சிகிச்சை என்கிறார்கள். அமெரிக்காவில் ஜெரால்ட் கிளெர்மன், மைர்னா வைஸ்மன் என்ற இருவரும் கூட இருந்தவர்களும் 1970களில் மனச்சோர்வுக்காக உண்டாக்கியது. பிறகு ஜான் மார்கோவிட்ஸ் என்ற மனநல வைத்தியர் அதை, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் நெருக்கீட்டு நோய்க்கு, பிடிஎஸ்டி என்கிறார்களே அதற்கு, ஏற்றபடி மாற்றினார். படையில் இருந்து வந்தவர்களுக்கு ஏற்றபடியும்.

அதன் எண்ணம் எனக்கு விளங்கிய மாதிரி: போரில் நடந்தது நடந்துவிட்டது. ஆனால் அது ஒரு ஆளிடம் எதைக் கெடுத்துவிட்டுப் போனதோ அது இன்றைக்கும் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. யாரையும் நம்ப முடியாது, எதையும் உணர முடியாது, ஆகவே பக்கத்தில் யாரும் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லாததால் இரவு இன்னும் நீளம். அந்த முடிச்சை இன்றைய பக்கத்தில் இருந்து அவிழ்ப்பது. ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி ஒன்றுதான், போன தடவை கண்டதற்குப் பிறகு எப்படி இருந்தது என்பது. பிறகு, அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன சொல்ல விரும்பினீர்கள், வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்.

பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் இவரிடம் அப்போது இருந்தது இரண்டு சொல்தான்: "கோவம்", "ஒண்டுமில்ல". முதல் ஐந்தாறு கிழமையும் போனது அந்த "ஒண்டுமில்ல"வுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். வெட்கம் இருந்தது. பயம் கொஞ்சம். என் தம்பியைப் பார்த்துப் பொறாமை இருந்தது, அதை நான் கனவிலும் நினைக்கவில்லை. அவன் பத்தாம் வகுப்பு முடித்தவன், இவர் முடிக்காதவர்.

அந்த முறையில் பிரச்சினைக்கு நாலு வாசல் வைத்திருக்கிறார்கள். இழப்பு, ஆளுக்கு ஆள் பிணக்கு, வாழ்க்கையில் இடம் மாறிப்போவது, தனித்துப்போவது. இவருக்கு மூன்றாவது. நேற்று வரை முப்பது பேருக்குக் கட்டளை போட்டவர், இன்று மாமியாரிடம் பெற்றோலுக்குக் காசு கேட்கிறவர்.

10 ஜனவரி

திருத்தம். மார்கோவிட்ஸின் ஆராய்ச்சி முன்னாள் படையினரிடம் செய்தது என்று கீழே ஒருவருக்குப் பதிலில் எழுதிவிட்டேன். இல்லை. 2015இல் வந்தது, நியூயோர்க்கில் 110 பேர், சாதாரண சனம், பதினான்கு கிழமை. ஒரு பகுதியினருக்கு இந்த ஆளிடை முறை, ஒரு பகுதியினருக்கு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் முறை, மிச்சப் பேருக்கு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் நூற்றுக்கு 63, 47, 38. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கணக்கில் எடுக்கும் அளவு பெரிதில்லை. ஆகவே "சொல்லாமல் இருப்பதுதான் நல்லது" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. "சொல்லாமலும் முடியும்" என்று மட்டும் சொல்லலாம். கூடவே மனச்சோர்வும் இருந்தவர்கள் சொல்ல வைக்கும் முறையில் இடையில் விட்டுவிட்டுப் போனது அதிகம்.

இன்னொரு திருத்தமும் சேர்த்து. சொல்ல வைக்கும் முறையை நான் 7ஆம் திகதி திட்டின மாதிரி இருக்கிறது. நான் திட்டினது அந்த மண்டபத்தை. முறையாகச் செய்தால் அது ஒரு நாள் கூத்து இல்லை. பத்துப் பன்னிரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், படிப்படியாக, ஒரே ஆளிடம். உலகத்தில் பலருக்குச் சுகம் கொடுத்த வைத்தியம். அது கிடைத்து, அண்ணனுக்கும் விருப்பம் என்றால் தாராளமாகப் போகட்டும். பிளேன்டீ கொடுத்து பஸ் ஏற்றிவிடுவது மட்டும் அது இல்லை.

13 ஜனவரி

"அப்போ மனைவி எங்கே வருகிறா?" என்று அக்கரைப்பற்றுத் தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் இரண்டு வேறு விஷயத்தைக் குழப்பிவிட்டேன். ஆளிடை முறையில் பெரும்பாலும் அவர் தனியாகத்தான் போகிறார். நான் பதினொரு தடவையில் இரண்டுக்குத்தான் போனேன்.

இரண்டு பேரையும் சேர்த்து இருத்தும் முறை வேறு. கேன்டிஸ் மொன்சன் என்பவரும் ஸ்டெஃபனி ஃபிரெட்மன் என்பவரும் செய்தது, பதினைந்து அமர்வு. 2012இல் வந்த ஆராய்ச்சியில் 40 சோடி, பாஸ்டனில் முன்னாள் படையினருக்கான ஆஸ்பத்திரியிலும் டொரோன்டோவிலும். நோயும் குறைந்தது, நோயாளிகளின் குடும்ப உறவும் மேம்பட்டது, வைத்தியம் தொடங்காமல் காத்திருந்த சோடிகளோடு பார்க்கும்போது. அதில் முதலில் செய்வது வீட்டுக்குள் சண்டை கைமீறாமல் பார்ப்பது. கோபம் ஏறும்போது ஒருவர் வெளியே போகலாம், ஆனால் எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

எங்கள் மிஸ் இதையும் கொஞ்சம் கலந்துதான் செய்திருக்கிறா என்று இப்போது விளங்குகிறது. எங்கள் வீட்டில் அதற்குச் சொல், "வலை பாக்கப் போறன்". இவரிடம் வலையே இல்லை. ஒரு மணித்தியாலத்தில் திரும்ப வேண்டும் என்பது ஒப்பந்தம், நான் பின்னால் போகக் கூடாது என்பதும்தான். நான் முன்பெல்லாம் வாவிக்கரை வரை பின்னால் போய்க் கேள்வி கேட்கிறவள்.

14 ஜனவரி

நாளைக்குப் பொங்கல். மாமியைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர்களுக்கு: இவரின் மாமி, அதாவது என் அம்மா. அந்த வெளிநாட்டு முறை எல்லாம் ஒரு வீட்டில் இரண்டு பேர் என்று நினைத்துச் செய்தது. இங்கே முன்வீட்டில் நாங்கள், பின்வீட்டில் அம்மா, பக்கத்து வளவில் தங்கச்சி. இவர் இரவு எழும்பி நடந்தால் மூன்று வீட்டிலும் லைற் எரியும்.

பிணக்கு என்னோடு என்றுதான் மிஸ்ஸும் நினைத்தா. நாலாவது தடவைதான் தெரிந்தது, முக்கால்வாசி அம்மாவோடு. அம்மா ஒரு கெட்ட சொல் சொன்னதில்லை. "என்ன மனே, சாப்பிடல்லயா?" என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை கேட்பா. இவருக்கு அது, "என் வீட்டில் சும்மா இருக்கிறாய்" என்று காதில் விழுந்திருக்கிறது. மிஸ் தானே அம்மாவாக நடித்து அப்படிக் கேட்டு, இவரைப் பதில் சொல்லப் பழக்கினா. முதல் தடவை இவர் சிரித்துவிட்டாராம். இரண்டாவது தடவை அழுதாராம். மூன்றாவது தடவை சொன்ன பதிலை வீட்டில் வந்து சொன்னார்: "மாமி, பசிச்சா நானே கேப்பன். நீங்க கேக்கக் கேக்க எனக்கு வெக்கமா இரிக்கு." அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மறுகா ஒரு நாள் மண்வெட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, பின்வளவு வேலியை அடைக்கச் சொன்னா. அது மன்னிப்பா வேலையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேலி நிற்கிறது.

22 ஜனவரி

என்னைப் பற்றி. இது எழுதக் கஷ்டம்.

கூட இருக்கிறவர்கள் நோய்க்கு வளைந்து கொடுப்பது என்று ஒன்று அந்த ஃபிரெட்மன் எழுதியதில் வருகிறது. வாசித்தபோது யாரோ எங்கள் வளவுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருந்தது. பிள்ளைகளிடம் தட்டைப் போடாதே, கதவை அடிக்காதே. திருவிழாவில் வெடி என்றால் இவரைக் கூப்பிடுவதில்லை. கல்யாண வீட்டுக்கு நானும் அம்மாவும் மட்டும். யார் கேட்டாலும் "அவருக்குக் காய்ச்சல்". பன்னிரண்டு வருடம் அவருக்குக் காய்ச்சல்! பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், இது என்ன மலேரியாவா என்று கேட்டுவிட்டா.

நல்லதுக்குத்தான் செய்தேன். ஆனால் நாங்கள் வளைய வளைய இவருடைய உலகம் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியில் கிணற்றடி மட்டும்தான். நோயை நானும் ஒரு கை பிடித்து வளர்த்திருக்கிறேன் என்று மிஸ் சொல்லவில்லை, நானாகத்தான் விளங்கிக்கொண்டேன். அவ சொன்னது, "ஒரு சின்னக் கல்யாணத்துக்கு, அரை மணித்தியாலம், இரண்டு பேரும் சேர்ந்து போங்க" என்று மட்டும். போனோம். வாசலோரம் கதிரை. இருபது நிமிடத்தில் வந்துவிட்டோம். சோறு பார்சல்.

23 ஜனவரி

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். முழுதும் சரியில்லை.

நாங்கள் வளைந்து கொடுத்த எல்லாமே நோய்க்கு இல்லை. 2007 பங்குனியில் படுவான்கரை முழுக்க ஷெல்லுக்குள் இடம்பெயர்ந்தபோது இவர் வெளியில் தலைகாட்டாமல் இருந்தது நோயா? அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் யாராவது வந்து விசாரிப்பார்கள், எங்கே வேலை, யார் வந்து போகிறார்கள் என்று. 2019 உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு. அடுத்த நாளே சோதனைச் சாவடி எல்லாம் திரும்ப வந்தது. அன்றைக்கு இவர் கடைக்குப் போகமாட்டேன் என்றால் அதை எந்தக் கணக்கில் வைப்பது?

வெளிநாட்டுப் புத்தகத்தில் அந்த ஆள் போரிலிருந்து வேறு நாட்டுக்குத் திரும்பி வருகிறார். பாதுகாப்பான இடத்தை ஆபத்தென்று நினைக்கிறார். இங்கே போர் நடந்த ஒழுங்கையில்தான் வீடு. எது பழைய பயம், எது இன்றைய புத்தி என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதை ஒரு வைத்தியர் தனியே பிரிக்க முடியாது, ஊர் தெரிந்த ஆள் வேண்டும். இதில் வீட்டுக்காரியின் சொல்லுக்கு ஒரு பெறுமதி இருக்கிறது. அண்ணியைக் கூப்பிடச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

2 பெப்ரவரி

13ஆம் திகதிக் குறிப்புக்குக் கீழே ஒரு தங்கச்சி, "அக்கா, அவர் கை நீட்டுவாரா?" என்று கேட்டதற்கு "இல்லவே இல்லை" என்று எழுதினேன். பொய். 2011இல் ஒரு தடவை. ஒரு தடவைதான், ஆனால் காது இரண்டு நாள் இரைந்தது. அதை மிஸ்ஸிடம் நான்தான் முதலில் சொன்னேன், இவர் இல்லாதபோது. அவ என்னைத் தனியாகத்தான் கூப்பிட்டுக் கேட்டா. அப்படித்தான் கேட்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அடி தொடர்ந்து நடக்கிற வீட்டில் இரண்டு பேரையும் சேர்த்து இருத்திப் பேச வைக்கக் கூடாது, அங்கே பேசினதுக்கு வீட்டில் அடி விழும். முதலில் அவளுடைய பாதுகாப்பு. பெண்களுக்கான இலக்கம் 1938, மனநல உதவிக்கு 1926. தங்கச்சி, நீ ஏன் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. இலக்கத்தை வைத்துக்கொள்.

5 பெப்ரவரி

சிரிக்க ஒன்று. இந்த இழையை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "கொட்டித் தீர்க்க வேணும்" என்ற இடம் வந்ததும், "மண்டூர் முருகனுக்கே வாயக் கட்டித்தான் பூசை. நான் மட்டும் வாயத் தொறக்கணுமா?" என்றார். ஊர் தெரியாதவர்களுக்கு: எங்கள் கோயிலில் கதிர்காமம் மாதிரி, கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் கேட்காது. சாமி திரைக்குப் பின்னால். அப்படியும் சனம் வந்து அழுதுவிட்டுத்தான் போகிறது.

5 பெப்ரவரி, பிறகு

கோயிலைப் பற்றி எழுதினதும் மூன்று பேர், அம்மன் கோயிலில் வாக்குக் கேட்பதை விட்டுவிட்டீர்களே என்கிறார்கள். விடவில்லை. போர்க்காலத்தில் பிள்ளையைக் காணாத தாய்மார் எல்லாம் அங்கேதான் போனார்கள். தெய்வம் ஆடுகிறவர் பிள்ளையின் குரலில் பேசுவார். அமெரிக்க மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ் மட்டக்களப்பில் இருந்து இதையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். என் பெரியம்மாவும் போனவ. ஆனால் திரும்பி வந்தவனுக்கு அங்கே வாக்கு இல்லை. காணாமல் போனவனைத்தான் கேட்பார்கள். முன்னால் நிற்கிறவனை யார் கேட்பது?

19 பெப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். இப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் வாழைச்சேனையில் எங்கே என்கிறார். நியாயமான கோபம். எங்கள் மிஸ்ஸும் பதினொரு தடவையோடு சரி. திட்டம் முடிந்தது, அவவை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள், அடுத்த கிழமை போன இவர் பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வந்தார். "முடியும்" என்று முதலே சொல்லி, கடைசி இரண்டு மூன்று தடவையைப் பிரிவுக்கே ஒதுக்குவதுதான் அந்த முறையின் ஒழுங்கு. பிரிந்து பழகாத ஆட்களுக்கு அதுவும் வைத்தியம். அதைத் திட்டத்தின் காசு தின்றுவிட்டது.

ஆனாலும் ஒன்று. உகண்டாவில் 2003இல் வந்த ஓர் ஆராய்ச்சி, 30 கிராமம். மனநல வைத்தியர் இல்லாத இடம். ஊர் ஆட்களையே குறுகிய காலம் பழக்கி, இதே ஆளிடை முறையைக் குழுவாகச் செய்தார்கள். கிழமைக்கு ஒரு தடவை, ஒன்றரை மணித்தியாலம், பதினாறு கிழமை, ஆம்பிளைகள் வேறு பெண்கள் வேறு. மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது. போரில் நின்றவர்களுக்கென்று செய்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் குழு முறைக்குக் கைநூலே வெளியிட்டது. ஆகவே பெரிய ஆஸ்பத்திரி இல்லாமல் நடக்காது என்பதில்லை. பொறுமையும், கதையைத் தோண்டாத வாயும் உள்ள ஒரு ஆள், அவருக்கு மேலே கேட்க ஒரு தெரிந்த ஆள். அண்ணன் சாகிற கதை பேசினாலோ குடி மிஞ்சினாலோ இது போதாது, நேரே மனநல வைத்தியரிடம்.

3 மார்ச்

வயல் வெட்டு முடிந்தது. இந்த முறை வெட்டு மெஷினோடு அம்பாறைப் பக்கத்தில் இருந்து வந்த சிங்களவர் ஒருவர், முன்பு ஆமியில் இருந்தவராம். இரவு வாடியில் (வயல் குடிசையில்) இவரும் அவரும். தம்பி சொல்கிறான், இரண்டு பேரும் படுக்க இடம் தேடி, இரண்டு பேரும் சுவருக்கு முதுகு வரும் அதே மூலைக்குப் போனார்களாம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். கடைசியில் மூலை யாருக்குக் கிடைத்தது என்று கேட்டேன். தம்பிக்குத்தானாம்.

11 மார்ச்

அண்ணி இன்னும் வாழைச்சேனையில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை என்றால் பேச நேரம் இருக்கிறது. அண்ணனிடம் 2009ஐக் கேட்காதீர்கள். நேற்றுப் பின்னேரத்தைக் கேளுங்கள். "ஒண்டுமில்ல" என்பார். சரி என்று விட்டுவிட்டு நாளைக்கும் கேளுங்கள்.

எங்கள் பக்கம்: இரவு திரும்ப யானை. முதல் வெடிக்கு இவர் எழும்பினார். நான் வழமை போல லைற்றைப் போடக் கை நீட்டினேன். "வேணாம், யானைதான்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நெஞ்சு அடிக்குது, கொஞ்சம் இரி" என்றார். இருந்தேன். பின்வீட்டில் அம்மாவின் லைற் எரிந்து அணைந்தது.